டிக்கெட் கவுன்டரில் காணாமல் போன கேள்வி

"இப்ப உடனே ஆரம்பிக்கிற படம் எது? நல்லா இருக்குமா?"

அமெரிக்காவில் நான் தியேட்டர் வேலைக்குச் சேர்ந்த 2016-இல், ஒரு வெள்ளிக்கிழமைக்கு இருபது முப்பது பேராவது இதைக் கேட்பார்கள். ஆபீஸ் முடிந்த கையோடு வருவார்கள். கவுன்டருக்கு மேலே இருக்கும் போர்டை அண்ணாந்து பார்ப்பார்கள். கணவன் ஒன்றைச் சொல்ல, மனைவி இன்னொன்றைச் சொல்ல, கடைசியில் என்னிடம் கேட்பார்கள். நான் ஏதாவது ஒன்றைச் சொல்வேன். அதற்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு, பாப்கார்னும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

இப்போது வாரத்துக்கு ஒருவர் அப்படிக் கேட்டால் பெரிய விஷயம். வருகிறவர்கள் எல்லாரும் போனில் டிக்கெட் எடுத்து, சீட் நம்பர் வரை முடிவு செய்துவிட்டு வருகிறார்கள். ஹாலிவுட் படங்கள் ஏன் முன்னைப்போல ஓடவில்லை என்று ஊர் உலகமெல்லாம் காரணம் அடுக்குகிறது. அந்தப் பேச்சில் இந்த ஒரு ஆளைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எந்தப் படம் என்று முடிவு செய்யாமல், "சினிமாவுக்குப் போவோம்" என்று மட்டும் முடிவு செய்துகொண்டு கிளம்பிய ஆள். நான் பார்த்த வரையில் ஹாலிவுட் இழந்தது அவரைத்தான்.

நான் நியூஜெர்சிக்கு வந்தது 2011-இல். கணவருக்கு சாஃப்ட்வேர் வேலை, எனக்கு அவரைச் சார்ந்து கிடைத்த எச்-4 விசா. அப்போது அந்த விசாவில் வேலைக்குப் போக முடியாது. நாலு வருஷம் வீட்டிலேயே இருந்தேன். 2015 மே மாதம் விதி மாறி, கிரீன் கார்டு வரிசையில் இருப்பவர்களின் மனைவி, கணவன்மாருக்கு வேலை அனுமதி கொடுத்தார்கள். எனக்கு அந்த அனுமதி அட்டை கைக்கு வந்ததும் முதலில் கிடைத்த வேலை, வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் இருந்த 12 ஸ்கிரீன் தியேட்டரில் பாப்கார்ன் கவுன்டர். மதுரையில் தியேட்டர் வாசலில் க்யூவில் நின்று வளர்ந்தவள் நான். அதனால் அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அப்புறம் டிக்கெட் கவுன்டர், அப்புறம் ஷிஃப்ட் பார்க்கும் பொறுப்பு, இப்போது உதவி மேனேஜர்.

சேர்ந்த புதிதில் எல்லாரும் ஹாலிவுட் கொழிக்கிறது என்றுதான் சொன்னார்கள். கணக்கும் அப்படித்தான் காட்டியது. 2018-இல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து கிட்டத்தட்ட 1,190 கோடி டாலர் வசூல்; அதுவரை இல்லாத உச்சம். ஆனால் எங்கள் தியேட்டரில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு நாள் என்னிடம், "டாலரை எண்ணாதேம்மா, தலையை எண்ணு" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. 2002-இல் இங்கே விற்ற டிக்கெட் சுமார் 157 கோடி. 2019-இல் அது சுமார் 123 கோடி. நடுவில் ஜனத்தொகை கூடியிருக்கிறது, தியேட்டருக்கு வரும் ஆள் குறைந்திருக்கிறது. டிக்கெட் விலை ஏறியதாலும், ஐமேக்ஸ், 3டி என்று கூடுதல் காசு வாங்கியதாலும் அந்த ஓட்டை வெளியே தெரியவில்லை. ஆக, சரிவு கொரோனாவால் தொடங்கியது என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மைதான். ஒரு வருஷத்து வசூலை இன்னொரு வருஷத்தோடு ஒப்பிடும்போது டிக்கெட் எத்தனை விற்றது என்று தேடிப் பாருங்கள். நான் கற்ற முதல் பாடம் அது.

2019 ஏப்ரல் கடைசி வாரம் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' வந்தபோது எங்கள் தியேட்டரில் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு ஷோ முடியும், ஆறு மணிக்கு அடுத்தது தொடங்கும். நடுவில் மூன்று மணி நேரம்தான் தரை துடைக்க. பாப்கார்ன் மெஷினின் சட்டி ஆறவே இல்லை. வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து ஞாயிறு வரை என் தலைமுடியில் வெண்ணெய் வாசம் போகவில்லை. அந்த ஒரு வார இறுதியில் இங்கே மட்டும் 35.7 கோடி டாலர். மொத்தமாக ஓடி முடித்தபோது 85.8 கோடி.

பெரியவர் அந்தக் கணக்கை ஒரு ரசீதின் பின்பக்கம் எழுதி வகுத்துக் காட்டினார். மொத்த வசூல், முதல் வார இறுதி வசூலைப்போல இரண்டரை மடங்குகூட இல்லை. பக்கத்திலேயே 'டைட்டானிக்' கணக்கையும் எழுதினார். 1997 டிசம்பரில் முதல் வார இறுதி 2.86 கோடி, மொத்தம் 60 கோடி. இருபது மடங்குக்கும் மேல். பதினைந்து வாரம் தொடர்ந்து முதலிடம். "அப்போ ஒருத்தர் பார்த்துட்டு வீட்டுக்குப் போய் பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அவங்க அடுத்த வாரம் வந்தாங்க. இப்போ எல்லாரும் முதல் மூணு நாள்ல வந்துட்டுப் போயிடுறாங்க. அப்புறம் யாரு வருவா?" என்று கேட்டார். மொத்தத்தை ஓப்பனிங்கால் வகுத்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. இரண்டு, இரண்டரை வந்தால் ரசிகர்கள் மட்டும் வந்து போன படம். நாலு, ஐந்து வந்தால் ஜனங்கள் ஒருவருக்கொருவர் சொல்லி ஓடிய படம்.

2020 மார்ச் 16, திங்கட்கிழமை. ராத்திரி எட்டு மணியோடு தியேட்டர்களை மூடச் சொல்லி மாநிலத்தில் உத்தரவு வந்தது. கடைசி ஷோவில் ஏழு பேர் இருந்தார்கள். பாப்கார்ன் சட்டியை நானே கழுவித் துடைத்தேன். இரண்டு வாரத்தில் திறந்துவிடுவோம் என்று நினைத்து, பாதி மூட்டைச் சோளத்தை வாய் கட்டி வைத்துவிட்டு வந்தேன். திறந்தது செப்டம்பர் 4-ஆம் தேதி. அதுவும் கால்வாசி இருக்கைக்குத்தான் அனுமதி.

அந்த ஆறு மாதத்தில் ஜனங்களின் கை பழகிவிட்டது. அதற்கு முன்பு ஒரு படம் தியேட்டருக்கு வந்தால் வீட்டில் பார்க்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். 2020 ஜூலையில் யூனிவர்சல் ஸ்டூடியோவும் ஏஎம்சி தியேட்டர் கம்பெனியும் போட்ட ஒப்பந்தத்தில் அது 17 நாள் வரை இறங்கியது. டிசம்பரில் வார்னர் பிரதர்ஸ், தன்னுடைய 2021 படங்கள் எல்லாம் தியேட்டரில் வரும் அன்றே வீட்டில் பார்க்கும் எச்பிஓ மேக்ஸ் ஓடிடியிலும் வரும் என்று அறிவித்தது. பின்னால் கம்பெனிகள் இதில் சிலவற்றை மாற்றிக்கொண்டன. ஆனால் "பொறுத்தால் வீட்டுக்கே வரும்" என்று ஒரு தடவை மனதில் பதிந்ததை மாற்ற முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை சலுகை விலையில் வாராவாரம் வரும் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். என்ன படம் என்று கேட்கவே மாட்டார்கள். மதியம் ஒரு மணிக்கு எது இருக்கிறதோ அது. ஒரு பாப்கார்ன், இரண்டு காபி. தியேட்டர் திறந்த பிறகு அவர்களைக் காணவே இல்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. 2022 வசந்தத்தில் மளிகைக்கடையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டார். "உங்களை எல்லாம் தேடுது. ஆனா ஒரு மாசம் பொறுத்தா வீட்டுல வந்துடுதே. நடுவுல நிறுத்திட்டுக் காபி போட்டுக்கலாம்" என்றார். அவர் குரலில் ஹாலிவுட் மேல் கோபம் எதுவும் இல்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். 2021-இல் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் எடுத்த கணக்கில், அந்த வருஷம் தியேட்டர் பக்கமே போகாத வயது வந்த அமெரிக்கர்கள் 61 சதவீதம். 2007-இல் ஒருவர் வருஷத்துக்குச் சராசரியாக 4.8 படம் பார்த்திருந்தார், 2021-இல் 1.4.

அந்தத் தம்பதி 2022-இல் ஒரே ஒரு தடவை வந்தார்கள். 'டாப் கன்: மேவரிக்' படத்துக்கு. அவர்களைப்போலவே, இரண்டு வருஷமாக நான் பார்க்காத முகங்கள் ஒவ்வொன்றாக அந்தப் படத்துக்குத் திரும்பி வந்தன. வகுத்துப் பாருங்கள்: ஓப்பனிங் 12.67 கோடி, மொத்தம் 71.8 கோடி. ஐந்தரை மடங்குக்கு மேல். ஆகஸ்ட் மாதம்கூட மதிய ஷோவுக்கு ஆள் இருந்தது. ஜனங்களுக்குத் தியேட்டர் வெறுத்துவிட்டது என்று சொன்னவர்களை நான் அதற்குப் பிறகு நம்பியதில்லை.

சரி, கோபமே இல்லையா என்றால், இருக்கிறது. கவுன்டரில் நின்றால் காதில் விழும். 2017 அக்டோபரில், பெரிய தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மேல் பெண்கள் சொன்ன பாலியல் புகார்கள் செய்தியாக வந்தபோது, ஒரு நடுத்தர வயதுப் பெண் டிக்கெட் வாங்கும்போதே, "இதுல எவ்வளவு அந்த மாதிரி ஆளுங்களுக்குப் போகுது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. 1998-இல் ஆஸ்கர் விழாவை டிவியில் ஐந்தரைக் கோடிப் பேர் பார்த்தார்கள். 2021-இல் ஒரு கோடியைக் கொஞ்சம் தாண்டியது. எங்கள் லாபியில் யாருக்கு ஆஸ்கர் என்று ஊகித்து எழுதிப் போட ஒரு பெட்டி வைப்போம். முன்பு வழியும். இப்போது அந்தப் பெட்டியை வைப்பதில்லை.

2023 ஜூலையில் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்கள் மே 2-ஆம் தேதியிலிருந்தே வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஜூலை 14 அன்று நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஹாலிவுட்டே பூட்டிக் கிடக்கிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஒரு வாரம் கழித்து ஜூலை 21 அன்று 'பார்பி'யும் 'ஓப்பன்ஹைமர்'ரும் ஒரே நாளில் வந்தன. லாபி முழுக்க ரோஸ் நிறம். பாட்டி, அம்மா, பேத்தி என மூன்று தலைமுறை ஒரே நிற உடையில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். காலையில் அணுகுண்டுப் படம், சாயங்காலம் பொம்மைப் படம் என்று ஒரே நாளில் இரண்டையும் பார்த்தவர்கள் உண்டு. 'பார்பி' முதல் வார இறுதியில் 16.2 கோடி, 'ஓப்பன்ஹைமர்' 8.2 கோடி.

அதே மாதம், ஹாலிவுட் மேல் கோபமாக இருந்தவர்களையும் பார்த்தேன். 'சவுண்ட் ஆஃப் ஃப்ரீடம்' என்ற படம் ஜூலை 4 அன்று வந்தது. பெரிய ஸ்டூடியோ எதுவும் பின்னால் இல்லை. சர்ச்சிலிருந்து வேன் வைத்துக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். யாரோ ஒருவர் இன்னொருவருக்காக டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் ஏற்பாடு அந்தப் படத்துக்கு இருந்தது. "பத்து வருஷமா தியேட்டர் பக்கம் வரலை, எங்களுக்குன்னு யாரும் படம் எடுக்கலை" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். இங்கே மட்டும் 18.4 கோடி டாலர் வசூல். ரோஸ் உடைக் கூட்டமும் இந்தக் கூட்டமும் ஒரே பாப்கார்ன் வரிசையில் நின்றதை நான் பார்த்தேன். சண்டை எதுவும் இல்லை. முன்னால் நிற்கும் குழந்தையின் உடை அழகாக இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

வேலைநிறுத்தத்தைப் பற்றியும் எல்லாரும் கேட்பார்கள். பெரும்பாலும் எழுதுகிறவர்கள் பக்கம்தான் பேசுவார்கள். அந்த ஆகஸ்டில் கேலப் எடுத்த கணக்கும் அதைத்தான் சொன்னது: எழுத்தாளர்கள் பக்கம் 72 சதவீதம், ஸ்டூடியோக்கள் பக்கம் 19. அதனால் 'ஹாலிவுட் மேல் வெறுப்பு' என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். கம்பெனி மேல் உள்ள கசப்பு வேறு, படம் எடுக்கும் மனிதர்கள் மேல் உள்ள பிரியம் வேறு.

நவம்பரில் நான் ஒரு தப்பு செய்தேன். 'தி மார்வெல்ஸ்' என்ற சூப்பர்ஹீரோ படம் வரும் வாரம். ஷிஃப்ட் அட்டவணை என் பொறுப்பு. இதன் முந்தைய படமான 'கேப்டன் மார்வெல்' 2019-இல் முதல் வார இறுதியில் மட்டும் 15.3 கோடி எடுத்தது. அந்த நினைப்பில் வெள்ளிக்கிழமைக்கு 14 பேரை வரச் சொன்னேன். புதன்கிழமையே முன்பதிவு மந்தமாக இருந்ததைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். 'நேரில் வந்து வாங்குவார்கள்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். யாரும் வரவில்லை. நேரில் வந்து வாங்கும் அந்த ஆள் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. எட்டு மணிக்கு ஆறு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதில் ஒரு காலேஜ் பெண், இதற்காக இன்னொரு கடையில் தன் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். ஏப்ரனைக் கழற்றி நாலாக மடித்து மேசையில் வைத்தாள். "பரவாயில்லை" என்றாள். அவளுக்கு நாலு மணி நேரச் சம்பளம் போனது என்னால். பொரித்து வைத்த பாப்கார்னில் இரண்டு பெரிய பை குப்பைக்குப் போயிற்று.

அந்தப் படம் முதல் வார இறுதியில் 4.6 கோடி எடுத்தது. அடுத்த வார இறுதியில் 78 சதவீதம் விழுந்தது. உலகம் முழுக்கச் சேர்த்து 20 கோடி சொச்சம். எடுக்க ஆன செலவே 20 கோடிக்கு மேல். போட்ட காசைப்போல உலக வசூல் இரண்டரை மடங்காவது வந்தால்தான் தேறும் என்று தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. டிக்கெட் காசில் முதல் வாரங்களில் பாதிக்கு மேல் ஸ்டூடியோவுக்குப் போனாலும், மீதி தியேட்டருடையது. விளம்பரச் செலவு படச் செலவில் சேராது. அதனால்தான் இரண்டரை.

உடனே காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். பெண்களை நாயகியாக்கியதால் ஓடவில்லை என்று ஒரு கூட்டம். ஜனங்களுக்குப் பெண்களைப் பிடிக்காது என்று எதிர்க்கூட்டம். நாலு மாதம் முன்னால் 'பார்பி' அந்த வருஷத்திலேயே அதிக வசூல் எடுத்ததை இரண்டு கூட்டமும் மறந்துவிட்டது. நடிகர்கள் வேலைநிறுத்தம் முடிந்தது நவம்பர் 9, படம் வந்தது 10; அதுவரை நடித்தவர்கள் யாரும் பேட்டி கொடுத்து விளம்பரம் செய்ய முடியவில்லை. வீட்டில் அதே மார்வெல் கம்பெனியின் சீரியல்கள் வரிசையாக வந்து சலித்திருந்தது. "இது புரிய எத்தனை சீரியல் பார்த்திருக்கணும்?" என்று ஒரு அப்பா என்னிடம் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே போதுமான விளக்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு புதன்கிழமை சாயங்காலம் முன்பதிவைப் பார்க்காமல் நான் அட்டவணையை முடிப்பதில்லை. ஒரு படம் ஜெயித்ததா என்பதை ஞாயிற்றுக்கிழமைச் செய்தியை வைத்து முடிவு செய்வதும் இல்லை. ஞாயிறு வருவது ஸ்டூடியோவின் மதிப்பீடு. உண்மைக் கணக்கு திங்கள்தான் வரும். அதோடு வியாழன் ராத்திரி ஷோ வசூலையும் வெள்ளிக்கிழமையில் சேர்த்துவிடுவார்கள். நான் இரண்டாவது வெள்ளிக்குக் காத்திருப்பேன். 2025 ஏப்ரலில் 'சின்னர்ஸ்' முதல் வார இறுதியில் 4.8 கோடி எடுத்தபோது, செலவுக்கு இது போதுமா என்று சந்தேகமாக எழுதினார்கள். இரண்டாவது வார இறுதியில் கிட்டத்தட்ட 4.6 கோடி. விழுந்ததாகவே சொல்ல முடியாது. எங்கள் தியேட்டரில் முதல் வாரம் பார்த்தவர்கள் இரண்டாம் வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அதே மாதம் 'மைன்கிராஃப்ட்' படத்துக்குப் பையன்கள் பாப்கார்னை அள்ளி வீசினார்கள். ஒரு கோழி மேல் குட்டி ஜாம்பி உட்கார்ந்து வரும் காட்சி. அது வந்ததும் அரங்கமே எழுந்து கத்தும், பாப்கார்ன் மழை. விளக்கு போட்டால் தரை முழுக்க வெள்ளை. காலி வாளி ஒன்று திரைக்குக் கீழே கிடந்தது. மேனேஜர் ஆடிப்போனார், போலீஸைக் கூப்பிடலாமா என்றார். எனக்கு மதுரை ஞாபகம் வந்தது. தலைவர் திரையில் வந்ததும் காகிதத்தைக் கிழித்து வீசுகிற கூட்டத்தில் என் அண்ணனும் இருந்திருக்கிறான். "சார், இவங்க வரமாட்டாங்கன்னுதானே அஞ்சு வருஷமா அழுதோம்?" என்று சொன்னேன். கத்துவதற்கென்று தனி ஷோ வைத்து, சுத்தம் செய்ய இரண்டு ஆளைக் கூடப் போட்டு, வாசலில் அந்தப் பையன்களிடம் பக்குவமாகப் பேசினோம். மூன்றாவது நாள் இரண்டு பையன்கள் தாங்களே துடைப்பம் கேட்டு வாங்கிப் பெருக்கிவிட்டுப் போனார்கள்.

செப்டம்பரில் ஜப்பான் அனிமேஷன் படமான 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' முதல் வார இறுதியிலேயே 7 கோடி டாலர் எடுத்து முதலிடம் பிடித்தது. வியாழக்கிழமைகளில் ஒன்றிரண்டு ஸ்கிரீன் தமிழுக்கும் தெலுங்குக்கும் போகிறது. ஹாலிவுட் படங்கள் குறைந்த வருஷங்களில் எங்கள் ஊர்ப் படங்கள்தான் பல நாள் கரண்ட் பில்லைக் கட்டின என்று எங்கள் மேனேஜரே சொல்வார். ஜனங்கள் ஹாலிவுட்டை விட்டுப் போகிறார்கள் என்பதைவிட, எந்த ஊர்ப் படம் என்று பார்ப்பதை விட்டுவிட்டார்கள் என்று சொல்வேன்.

இங்கே இருக்கும் நம் ஆட்களுக்குச் சில யோசனை. நாலு பேர் சனிக்கிழமை சாயங்காலம் வந்தால், பாப்கார்னோடு சேர்த்து எங்கள் தியேட்டரில் 90 டாலருக்குக் குறையாது. செவ்வாய்க்கிழமை வந்தால் டிக்கெட் பாதி விலைக்கு அருகில் வரும். மாதம் இரண்டு படமாவது பார்ப்பீர்கள் என்றால் மாதச் சந்தா எடுத்துவிடுங்கள். அதைவிடக் குறைவாகப் பார்ப்பவருக்கு அது நஷ்டம். உங்களுக்குப் பிடித்த சின்னப் படம் ஓட வேண்டும் என்றால் முதல் வாரமே, முடிந்தால் புதன்கிழமைக்குள் பதிவு செய்துவிடுங்கள். எத்தனை ஷோ, எந்த ஸ்கிரீன் என்பதை அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். தியேட்டர் பிழைக்க வேண்டும் என்று நினைத்தால் பாப்கார்ன் வாங்குங்கள். அதில் ஸ்டூடியோவுக்குப் பங்கு கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை மதியம் அந்த அம்மா தனியாக வந்தார். அவர் கணவர் குளிர்காலத்தில் தவறிவிட்டாராம். போனில் டிக்கெட் எடுக்கத் தெரியாது என்றார். போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒரு மணிக்கு எது இருக்கு?" என்று கேட்டார். இருந்தது ஒரு பேய்ப் படம். வேண்டாம் என்றேன். நாற்பது நிமிஷம் பொறுத்தால் வேறொன்று இருக்கிறது, நன்றாக இருக்கும் என்றேன். அதுவரை லாபியில் உட்கார்ந்து காபி குடித்தார். இரண்டு காபி வாங்கியிருந்தார்.